மேட்லியின் மணல்

சென்னையில் அடைமழை பிடித்துக்கொண்டால் தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு பெயர் தவறாமல் வரும்: மேட்லி சுரங்கப்பாதை. தியாகராய நகர்ப் பக்கம் ரயில் பாதைக்குக் கீழே போகும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது, போக்குவரத்து நிறுத்தம் என்பார்கள். அருகிலேயே மேட்லி சாலையும் உண்டு. அங்கே சவாரிக்குக் காத்திருந்த ஓர் ஆட்டோக்காரரிடம் யார் இந்த மேட்லி என்று ஒருமுறை கேட்டேன். "எவனாச்சும் வெள்ளக்காரனா இருப்பான் சார்" என்றார். பாதிக் கேள்விக்குச் சரியான பதில். ஜே. டபிள்யூ. மேட்லி மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளராக இருந்தவர். வடிகட்டிய தண்ணீரை இந்த நகரத்துக் குழாய்களில் முதன்முதலாக ஓடவிட்டவர். அவர் பெயர் இன்று தேங்கி நிற்கும் சாக்கடை கலந்த மழை நீரோடு மட்டுமே உச்சரிக்கப்படுகிறது.

தண்ணீர் வேறு, குடிதண்ணீர் வேறு. எங்கள் வீட்டில் பாட்டி இருந்தவரை இரண்டுக்கும் குடம்கூடத் தனித்தனி. சென்னை நகரத்துக்கும் அப்படித்தான். தண்ணீர் 1872-இல் வந்தது. குடிதண்ணீர் வர 1914 ஆயிற்று. நடுவில் ஓடிய 42 ஆண்டுகளும் ஏன் ஓடின என்பதுதான் இந்தக் கதை.

அதற்கும் முன்னால் கிணறுகள். கடலோர மணல் பூமி. மழை நீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். அளவாக இறைத்தால் இனிக்கும். ஆசைப்பட்டு இறைத்தால் கரிக்கும். ஒரே தெருவில் ஒரு வீட்டில் நல்ல தண்ணிக் கிணறும் எதிர்வீட்டில் உப்புத் தண்ணிக் கிணறும் இருப்பது அதனால்தான். கடலை ஒட்டிக் கோட்டை கட்டிக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தச் சிக்கல் சீக்கிரமே புரிந்தது. 1772-இல் கேப்டன் பேக்கர் என்பவர் கறுப்பர் நகரத்தின் வடக்கே கிணறுகள் வெட்டி, அங்கிருந்து கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார். பத்து வெட்டியதில் ஏழுதான் தேறின என்று சொல்வார்கள். கிணறுகளின் காலம் முடிந்துவிட்டது. ஏழுகிணறு என்ற பேட்டையின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தத் தண்ணீர் கோட்டைக்கு. ஊருக்கு அவரவர் வீட்டுக் கிணறும் கோயில் குளமும்தான். கிணற்றுக்கு நான்கு முழம் தள்ளிக் கழிப்பிடம் இருந்தால் மணலுக்குள் இரண்டும் பேசிக்கொள்ளும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. வாந்திபேதி வந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள்; வெள்ளைக்காரர்கள் கெட்ட காற்று என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார்கள். இரண்டு தரப்பும் கிணற்றைச் சந்தேகிக்கவில்லை.

1866-இல் பொதுப்பணித் துறைப் பொறியாளர் வில்லியம் ஃப்ரேசர் ஒரு திட்டம் கொடுத்தார். நகரத்துக்குள் தண்ணீர் தேடுவதை விட்டுவிட்டு, வடமேற்கே கொசஸ்தலை ஆற்றைப் பிடிப்பது. பெரிய ஆறு என்று சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழையில் சில வாரம் கரைபுரண்டு ஓடி, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலில் விழும். மற்ற மாதங்களில் மணல். ஆகவே ஓடும்போதே மடக்கிச் சேர்த்துவைக்க வேண்டும். அதற்கான பாத்திரங்களை ஃப்ரேசர் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஏரி மாவட்டம் என்றே பெயர் வாங்கிய செங்கல்பட்டுச் சீமை அது. சோழவரத்திலும் செங்குன்றத்திலும் பாசன ஏரிகள் இருந்தன. செங்குன்றத்து ஏரியைத்தான் புழல் ஏரி என்கிறோம். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று புழல் கோட்டம். தாமரைப்பாக்கத்தில் ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு கட்டி, வெள்ளத்தைக் கால்வாயில் திருப்பிச் சோழவரத்தில் நிரப்பி, அங்கிருந்து புழலில் இறக்குவது என்று ஏற்பாடு. வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்த ஏரிகள் நகரத்துக்குப் பாயத் தொடங்கின. ஆயக்கட்டுக்காரர்கள் அன்று என்ன நினைத்தார்கள் என்று எந்தப் பொறியாளரும் எழுதிவைத்ததாக நான் படித்ததில்லை.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது சரிவு. இயந்திரமே கிடையாது. இன்றைய கணக்கில் சோழவரத்தின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 65.5 அடி, புழலுடையது 50.2 அடி. பதினைந்து அடி வித்தியாசத்தில் ஏரியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் தானே நடந்து வந்துவிடுகிறது. புழலிலிருந்து கீழ்ப்பாக்கம் வரைக்கும் திறந்த மண் வாய்க்கால். கீழ்ப்பாக்கத்தில் செங்கல் சுண்ணாம்பில் கட்டிய ஒரு கூண்டு. அதிலிருந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் பிரிந்து நகரத்துக்குள் போயின. 1872-இல் தண்ணீர் விட்டார்கள். ஊரில் அப்போது சுமார் நான்கு லட்சம் பேர்.

விட்டது தண்ணீர்தான். ஏரியில் என்ன இருந்ததோ, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வாய்க்காலில் என்ன விழுந்ததோ, அது அப்படியே குழாயில் வந்தது. சரிவை மட்டும் நம்பியதால் அழுத்தமும் இல்லை. ஊரின் கடைக்கோடிக்குப் போகும்போது மூச்சு வாங்கியது. அழுத்தம் குறைந்த குழாயில் வெளியே இருக்கிற சகதி உள்ளே வரும் என்பது இன்றைக்குப் பிளம்பருக்குத் தெரியும். அந்தக் காலத்துச் சுத்திகரிப்பு நிலையம் வீட்டுக்குள்தான் இருந்தது. குழாய் வாயில் வேட்டித் துணி. பானையின் உள்விளிம்பில் இழைத்த தேற்றாங்கொட்டை. கொஞ்சம் வசதியுள்ள வீடுகளில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று மண்பானை. மேலே கரி, நடுவில் மணல், கீழே சொட்டுச் சொட்டாகத் தெளிந்த நீர். துணி மட்டும் இன்றைக்கும் போகவில்லை. நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் வரும். பாட்டி எழுப்புவாள். "டேய், மொத கொடம் செவப்பா வரும், அத வாசல் தெளிக்க வையி. ரெண்டாவதுக்குத் துணி கட்டு." கொட்டை இழைத்ததை நான் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

ஃப்ரேசரைக் குறை சொல்வது நியாயமில்லை. அவர் திட்டம் எழுதியபோது வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோச் இன்னும் பிடிக்கவில்லை. அது நம் நாட்டில், கல்கத்தாவில், 1884-இல் நடந்தது. அதற்குப் பிறகும் உலகம் முழுசாக நம்பவில்லை. நம்பவைத்தது 1892-ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்த ஒரு சாவு. எல்பே ஆற்றின் கரையில் ஹாம்பர்க்கும் ஆல்டோனாவும் ஒட்டிக்கிடந்த ஊர்கள். சில தெருக்களின் ஒரு பக்கம் ஒரு ஊர், மறுபக்கம் இன்னொன்று. ஹாம்பர்க் ஆற்று நீரை அப்படியே குடித்தது. ஆல்டோனாவோ ஹாம்பர்க்கின் கழிவும் சேர்ந்த நீரை எடுத்தாலும் மணலில் வடிகட்டிக் குடித்தது. அந்த ஆண்டு ஹாம்பர்க்கில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் வாந்திபேதியில் இறந்தார்கள். ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. மணலுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை.

மேட்லி வந்தது இந்த அறிவெல்லாம் ஊரறிந்த பிறகு. 1907-ஐ ஒட்டி வேலைகள் தொடங்கின. திறந்த மண் வாய்க்காலுக்குப் பதிலாகப் புழலிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை மூடிய கட்டுமான வாய்க்கால். கீழ்ப்பாக்கத்தில் 14 மணல் வடிப்பான்கள். வடித்த நீரைத் தேக்கத் தரைக்கு அடியில் தொட்டி, மேலேற்ற நீராவி எஞ்சின்கள், அழுத்தம் கொடுக்க உயரத்தில் எஃகுத் தொட்டி. எல்லாம் சேர்ந்து 1914-இல் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவுதான் எம்டன் கப்பல் குண்டு போட்டுத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. எம்டனை ஊர் இன்றும் மறக்கவில்லை. கெட்டிக்காரப் பயலை "சரியான எம்டன்" என்கிறோம். மேட்லிக்குக் கிடைத்தது சுரங்கப்பாதை.

அந்த மணலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மணல் சல்லடை மாதிரி வேலை செய்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சல்லடையாக மட்டும் இருந்தால் கிருமி சுலபமாகத் தப்பித்துப் போய்விடும். மணலின் இடுக்கு கிருமிக்கு மாட்டுவண்டி போகும் தெரு. மெதுவடிப்பானில் நடப்பது வேறு. புது மணலில் தண்ணீர் விட்ட சில நாட்களில் மேற்பரப்பில் வழவழவென்று ஒரு தோல் படியும். பாசி, நுண்ணுயிர்கள், அவற்றைத் தின்னும் இன்னும் சில உயிர்கள் எல்லாம் சேர்ந்த உயிருள்ள ஏடு. பாலில் ஆடை படிகிற மாதிரி. மேலிருந்து இறங்கும் நீரில் இருக்கிற கெட்ட கிருமியை இந்த ஆடை தின்றுவிடுகிறது. ஆகவே அவசரப்படுத்தக் கூடாது. மணிக்கு நான்கு முதல் எட்டு அங்குலம்தான் நீர் இறங்கலாம். ஆடை ரொம்பத் தடித்துப்போனால் நீர் இறங்காது; தொட்டியை வடித்துவிட்டு ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கி மேல்மணலைச் சுரண்டி எடுக்க வேண்டும். மறுபடி ஆடை படியும்வரை அந்தத் தொட்டியை நம்பக் கூடாது. ஒன்றைச் சுரண்டும்போது மற்றவை ஓட வேண்டும் என்பதால்தான் ஒன்றுக்குப் பதினாலாகக் கட்டினார்கள். ரசாயனம் இல்லை; பொறுமையும் நிலமும் வேண்டும். இரண்டும் நகரத்தில் நாளாக நாளாகக் குறைகிற சரக்கு.

குறைந்தது. மேட்லியின் திட்டம் 1961-இல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன், அதாவது சுமார் 114 லிட்டர், என்று கணக்குப் போட்டது. 1931 மக்கள்தொகைக் கணக்கிலேயே 6.47 லட்சம் ஆகிவிட்டது. 1961-இல் 17 லட்சத்தைத் தாண்டியது. இருபதாம் நூற்றாண்டுச் சென்னையின் குடிநீர் வரலாறு முழுவதும் இந்தத் தப்புக் கணக்கைத் துரத்திக்கொண்டு ஓடியதுதான் என்று எனக்குத் தோன்றும்.

மெதுவடிப்பானுக்குப் பக்கத்தில் விரைவடிப்பான் வந்தது. இங்கே வேலையைப் படிகாரம் முன்கூட்டியே செய்துவிடுகிறது. ஏரி நீரின் கலங்கலில் இருப்பது பெரும்பாலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள். எத்தனை நாள் வைத்தாலும் படியாது. படிகாரம் விழுந்ததும் அந்த விலகல் போய், துகள்கள் ஒட்டிக்கொண்டு பஞ்சுபோலத் திரண்டு அடியில் உட்காரும். தேற்றாங்கொட்டை செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். மிச்ச சொச்சத்தை மணல் பிடித்துக்கொள்ளும். மணிக்கு நாலைந்து மீட்டர் வேகத்தில் நீர் இறங்கலாம். அடைத்துக்கொண்டால் மண்வெட்டி வேண்டாம், கீழிருந்து மேலாகத் தண்ணீரையும் காற்றையும் அடித்தால் போதும். ஆனால் உயிருள்ள ஆடை இதில் இல்லை; கிருமியைக் கொல்லக் குளோரின் கட்டாயம். குழாயைத் திறந்ததும் "மருந்து வாசன" என்று முகம் சுளிப்பார்களே, நிலத்தை மிச்சம்பிடித்ததற்கு நாம் கொடுக்கிற விலை அது.

வடிப்பதை வேகப்படுத்தலாம், ஏரியில் இருந்தால்தானே வடிப்பதற்கு. 1939-இல் மேயரான எஸ். சத்தியமூர்த்தி இந்த இடத்தில் வருகிறார். மேடைப் பேச்சால் பெயர் வாங்கியவர். மேயர் நாற்காலியில் அவர் பிடிவாதமாகப் பேசியது ஒரே விஷயத்தைத்தான்: கொசஸ்தலையின் மேல்பக்கம், திருவள்ளூருக்கு அருகே பூண்டியில் ஒரு நீர்த்தேக்கம். உலகப் போர் தொடங்கிவிட்ட நேரம்; அரசாங்கத்தின் பணமும் இரும்பும் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தன. இருந்தும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பை இசையவைத்து 1940-இல் அடிக்கல் நாட்டவைத்தார். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியில் சிறைக்குப் போனவர், உடல் நொந்து 1943 மார்ச்சில் இறந்தார். அணை 1944-இல் முடிந்தது. பின்னாளில் அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தார்கள். பூண்டியின் முழு மட்டம் 140 அடி. பூண்டி, சோழவரம், புழல் என்று சரிவு ஒரே நேர்கோட்டில் நீண்டது. ஒரு குறைதான்: பூண்டியில் திறந்த நீர் ஆற்று மணலிலேயே தாமரைப்பாக்கம் வரை வர வேண்டும், வழியில் மணல் தன் பங்கைக் குடித்துவிடும். சோழவரத்துக்குத் தளம் போட்ட தனிக் கால்வாய் 1972-இல்தான் வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் இன்னும் தூரம், இன்னும் தூரம். 1978-இல் மெட்ரோ வாட்டர் வாரியம் பிறந்தது. கிருஷ்ணா நீருக்காக 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்கச் சம்மதித்தன, 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஒப்பந்தம் போட்டார்கள். தண்ணீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது 1996 செப்டம்பரில். பதினைந்தில் ஆவியாவது போக எல்லையில் 12 என்பது ஏடு. ஏட்டுக்கும் மதகுக்கும் உள்ள தூரம் கண்டலேறு கால்வாயின் 177 கிலோமீட்டரைவிட அதிகம் என்பது வருஷாவருஷம் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். வீராணத்துக்கு 1960-களின் கடைசியில் போட்ட திட்டம் பாதியில் நின்று, ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக் குழாய்கள் சாலையோரம் கிடந்து, அவற்றுக்குள் குடும்பங்கள் குடித்தனம் நடத்தின. அந்த ஏரி நீர் கடைசியில் சென்னைக்கு வந்தது 2004-இல், 235 கிலோமீட்டர் கடந்து. 'பொன்னியின் செல்வன்' தொடங்கும் அதே வீரநாராயண ஏரிதான். வந்தியத்தேவன் குதிரையில் பார்த்த தண்ணீரில் நான் அண்ணா நகரில் அரிசி களைந்திருக்கிறேன்.

மீஞ்சூர்ப் பக்கத்தில் ஒரு வேடிக்கை. அங்கே நிலத்தடி நீரை இறைத்து இறைத்து ஊருக்கு அனுப்பியதில் கடல் நீர் மணலுக்கு அடியில் உள்நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. 2010-இல் அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளிக் கடற்கரையில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்தார்கள். அழையாமல் வந்த கடலை, பிறகு மின்சாரம் செலவழித்து நாமே அழைத்துக்கொண்டோம்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு பதவி உண்டு. மதகைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் நிரம்பினால் 11 டி.எம்.சி.யும் கொஞ்சமும். நிரம்ப வாய்ப்பு வருஷத்தில் ஒரே ஒரு பருவம், ஐப்பசி கார்த்திகை. நவம்பரில் பாதி ஏரியைக் காலியாக வைத்திருந்தால் வெள்ளத்துக்கு இடம் இருக்கும். பிறகு மழை பொய்த்தால் மே மாதம் ஊரே திட்டும். நிரப்பி வைத்திருந்து பெருமழை வந்தால் என்ன ஆகும் என்று 2015 டிசம்பரில் பார்த்தோம். செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறக்கும் நிலை வந்து அடையாற்றுக் கரை மூழ்கியது. ஒரே ஏரி, ஒரே மதகு. நான்கே ஆண்டு கழித்து அதே ஏரியின் வெடித்த தரையை நாளிதழ்கள் முதல் பக்கத்தில் போட்டன.

அதற்குள் வீடுகளில் மறுபடி தண்ணீர் வேறு, குடிதண்ணீர் வேறு ஆகிவிட்டது. செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டரும் புழலில் 30 கோடியும் கீழ்ப்பாக்கத்தில் 27 கோடியும் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையங்கள் இருக்கின்றன. அங்கே அடிக்கடி பரிசோதித்து அனுப்பும் நீர், வீட்டு சம்ப்பில் விழுந்து, லாரித் தண்ணீரோடும் போர் தண்ணீரோடும் கலந்து, மாடியில் கறுப்புத் தொட்டிக்கு ஏறி இறங்குகிறது. சம்ப்பை நாங்கள் கடைசியாக எப்போது கழுவினோம் என்று எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். பேச்சு கார் நிறுத்தும் இடத்துக்கு மாறிவிட்டது. குடிக்க மட்டும் 20 லிட்டர் கேன். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்து மதிலை ஒட்டி நீலக் கேன்களை அடுக்கிக்கொண்டு வண்டி போவதைப் பார்க்கும்போதெல்லாம் மேட்லியின் ஞாபகம் வரும்.

2019 கோடையில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் பெட்டிகளோடு காவிரித் தண்ணீர் ஏற்றிய ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. விழா எடுத்து வரவேற்றார்கள். பெட்டிகளிலிருந்து இறக்கிய நீரைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம், வேறு எது, கீழ்ப்பாக்கம்தான். கொசஸ்தலைக்காகத் தொடங்கிய நிலையத்துக்குக் காவிரி ரயிலேறி வந்தது. ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். நிலையம் முழுத் திறனில் ஓடினால் அந்த ரயிலைக் குடித்து முடிக்க 13 நிமிடம் ஆகும்.